ஈரத்தலையோடு வரக் கூடாது

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் காய்ந்த துண்டைப் பார்ப்பது கடினம். தோளில், தலையில், வேன் ஜன்னல் கம்பியில், பழக்கடை ஓரத்துக் கொடியில் என்று எங்கே பார்த்தாலும் துண்டுகள் சொட்டிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து காய்ந்த துண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரே இடம் அக்கா நின்ற வாசல். முப்பதுக்கு மேல் இருக்கும். ஒரே அளவாக மடித்து, கவிழ்த்துப் போட்ட ஒரு கல்தொட்டியின் முதுகில் அடுக்கியிருப்பார். அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் வாசனையும் ஈரமுமாக வருகிறவர்களை அங்கே நிறுத்தி, ஆளுக்கு ஒன்றை நீட்டுவார்.

"தலைய நல்லாத் துவட்டிட்டு உள்ள வாங்க."

"குற்றாலத்துக்கு வந்து துவட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று ஒருவர் சிரித்தார்.

"பாத்துட்டு மறுபடி போயி நனைங்க அண்ணாச்சி. யாரு வேண்டாம்னா?"

பெண்களின் பின்னலை விரலால் நசுக்கிப் பார்ப்பார். நுனியில் ஒரு சொட்டு வந்தாலும் இரண்டாவது துண்டு வரும். குடைகளை வாங்கி வெளியே சாத்துவார். தண்ணீர் பாட்டில்களை வாங்கி வரிசையாக நிற்க வைப்பார். சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவர் கூப்பிட்டதில்லை.

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில், மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் பூங்கா அது. அதன் முதலாளி பல வருடங்கள் வளைகுடாவில் கடை நடத்தியவர். அங்கே ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஒரு பாலைவனப் பூங்காவைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். மணலும் கள்ளிகளும் பாலைவன விலங்குகளுமாக அது அவர் மனதில் தங்கிவிட்டது. ஊர் திரும்பியதும் அதே போல் ஒன்றைக் கட்டினார். வெளிச்சம் புகும் தகடுகளால் கூரையும் சுவரும் போட்ட நீளமான கூடம். உள்ளே லாரி லாரியாகக் கொட்டிய மணல், பாறைகள், ஆள் உயரக் கள்ளிகள், பந்து போல உருண்டு முள் விட்ட கள்ளிகள், நம் சோற்றுக் கற்றாழைக்குத் தூரத்துச் சொந்தமான பத்துப் பதினைந்து கற்றாழைகள், கம்பித் தடுப்புக்குள் ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணைச் சேர்ந்த இரண்டு ஆமைகள். எல்லோரும் அதைப் பாலைவன வீடு என்றார்கள். வருடத்தில் மூன்று மாதம் சாரல் விழும் ஊரில் அவர் கட்டிய பாலைவனம்.

நான் அங்கே போனது மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாதம். கருவிப் பொறியியல் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வீடு தென்காசியில் என்பதால் இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கூடத்துக்குள் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும். ஈரம் கூடினால் காற்றாடிகள் தானாக ஓட வேண்டும். எல்லாம் கணினியில் பதிவாக வேண்டும்.

முதல் நாளே முதலாளி விஷயத்தைச் சொல்லிவிட்டார். "போன வருசம் செடில பாதி அழுகிட்டு. மூணு ஆமைல ஒண்ணு செத்துட்டு. இந்த சீசன் முடியட்டும்மா. சரிப்படலன்னா இடிச்சிட்டு இந்த எடத்துல செயற்கை அருவி கட்டப் போறேன். ஆமை ரெண்டையும் சிநேகிதர் ஒருத்தர் கேட்டிருக்காரு, குடுத்துருவேன்."

"குற்றாலத்துல செயற்கை அருவியா சார்?"

"வெள்ளம் வந்தா அருவில குளிக்க விட மாட்டாங்க. அன்னைக்கு வந்த கூட்டம் எங்கன போகும்? எங்கிட்ட வரும்."

அவர் கணக்கில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். பிறந்தது ராயகிரிப் பக்கம், கட்டிக் கொடுத்தது மேலகரத்தில். பூங்காவில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாலைவன வீடு முழுக்க அவர் பொறுப்பு. அது இடிபட்டால் அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. வாட்ச்மேன் சொன்னார்.

அவரோடு இருந்த மூன்று மாதங்களில் நான் கவனித்தவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். பட்டியல் போடுவது என் பழக்கம். அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் கடைசியில் ஒரே குணத்தில் போய் முடிகின்றன. தண்ணீர் விஷயத்தில் அவர் யாருக்கும் இரங்க மாட்டார்.

பார்க்க வருகிறவர்களின் மனது வேறு மாதிரி. பச்சையும் ஈரமுமான இடத்திலிருந்து திடீரென்று இந்த மணலுக்குள் வந்ததும் அவர்களுக்குச் செடிகள் மீது பரிதாபம் வந்துவிடும். கடையத்திலிருந்து வந்த ஒரு விவசாயி உண்மையிலேயே மனம் நொந்து பேசியது நினைவிருக்கிறது.

"ஏம்மா, இப்படியா காயப் போடுவிய? வாழைக்கு ஒரு தண்ணி தப்பிட்டுன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"உங்க வாழை அன்னன்னைக்குக் குடிக்குத ரகம் அண்ணாச்சி. இது சேத்து வச்சுக் குடிக்குத ரகம்."

"ஒரு டம்ளர் தண்ணிதான. அதுல என்ன கொறைஞ்சிரப் போகுது?"

"அதுக்கு வேணுங்கும்போது நான் குடுப்பேன். உங்களுக்குப் பாவமா இருக்கும்போதுலாம் குடுக்க முடியாது."

அவர் கேட்கவில்லை. வேட்டி மடிப்பில் ஒரு பாட்டிலை மறைத்துக் கொண்டுவந்திருந்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் ஓர் உருண்டைக் கள்ளியின் அடியில் ஊற்றிவிட்டார். அக்கா பார்த்துவிட்டார். சண்டை போடவில்லை. ஒரு தட்டை எடுத்து வந்து, ஈர மணலை வேர் தெரியும் வரை அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். டிரம்மில் மூடி வைத்திருந்த காய்ந்த மணலைப் போட்டு நிரப்பினார். அந்த விவசாயி முழு நேரமும் கையில் காலிப் பாட்டிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டார். "ஆகாது, போயிட்டு வாங்க" என்றார் அக்கா.

ஆமைகளுக்கு வாரத்தில் இரண்டு முறை தண்ணீர். ஒரு அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி, ஆள்காட்டி விரலை நட்டுப் பார்ப்பார். முதல் கணு நனைய வேண்டும், அதற்கு மேல் ஏறக் கூடாது. ஆமைகள் வந்து தலையைத் தாழ்த்திக் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். யார் கூப்பிட்டாலும் எழ மாட்டார். ஒரு முறை நான் அவசரமாக ஒரு ஏணி வேண்டும் என்று கேட்டேன்.

"தட்டுல தண்ணி இருக்கு" என்றார்.

"ஒரு நிமிசம்தான்க்கா."

"தண்ணி இருக்குன்னு சொல்லுதேன்லா."

குடித்து முடித்ததும் மிச்சத்தை வெளியே ஊற்றி, தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஏணி எடுக்கப் போனார். அவ்வளவு கறார் எனக்கு அப்போது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

இன்னொன்று. வாசலில் கிடந்த அந்தக் கல்தொட்டி உட்கார வசதியான உயரம். ஒரு நாள் ஷூ லேஸ் கட்டுவதற்காகத் துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதுல உக்காராதிய."

துண்டு அழுக்காகிவிடும் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

தீக்குச்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் கருவிகளைப் பொருத்த இடம் தேடியபோது, கூடத்துக்குள் ஐந்து இடங்களில் பாதி திறந்த தீப்பெட்டிகள் இருப்பதைப் பார்த்தேன். ஒன்று வாசல் அருகே. ஒன்று ஆமைகள் படுக்கும் மூலையில், தரையோடு தரையாக. ஒன்று உயரமான பாறை இடுக்கில். மற்ற இரண்டும் கள்ளிகளுக்கு நடுவே. யாரோ பீடி பிடிக்கிறவர்கள் மறந்துவிட்டுப் போனவை என்று எண்ணி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் அக்கா என்னிடம் வந்து நின்றார். "அஞ்சு பெட்டியும் உங்ககிட்டதான இருக்கு?"

அவர் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மழை பிடித்துவிட்டால் குச்சியின் மருந்து பதத்துப் போகும், பெட்டியின் பக்கப் பட்டை ஊறிப்போகும், வேலை நின்றுவிடும். காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தால் குச்சி எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர் கைக்குத் தெரியும். அதை இங்கே கொண்டுவந்திருந்தார். காலை, மதியம், சாயங்காலம் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியை உரசுவார். ஒரே உரசலில் பற்றினால் காற்று சரி. இரண்டு என்றால் கவனிக்க வேண்டும். மூன்று என்றால் ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த கரி மூட்டைகளை மாற்ற வேண்டும், ஆமைகளின் மூலையில் குண்டு பல்பைப் போட வேண்டும். நான்காவதும் பற்றாமல் பட்டை சாந்தாக இழுபட்டால் அன்றைக்குப் பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார். எரிந்த குச்சியை மணல் நிரப்பிய ஒரு டம்ளரில் குத்தி வைப்பார். பிறகு நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், இடம், எத்தனை உரசல். குச்சி ஒடிந்தால் அதையும் எழுதுவார். "ஒடிஞ்சது கணக்குல வராது, ஆனா எழுதணும்லா" என்றார்.

அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் கட்டத்தில் "இன்று மதியம் மட்டும்" என்று எழுதியிருந்தார். என் படிப்பில் எத்தனையோ ஆய்வக நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து. எதுவும் அவ்வளவு நேர்மையானது இல்லை.

ஒரு வாரம் அவருடைய உரசல்களையும் என் கருவிகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரம் அறுபது சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒரே உரசல். எழுபதை ஒட்டி இரண்டு. எண்பதைத் தாண்டினால் சாந்து. அதைச் சொன்னபோது அவருக்குப் பெருமையெல்லாம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

"அப்போ உங்க பெட்டியும் சரியாத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."

ஆடி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. நான் அமைத்திருந்த முறை எளிமையானது. உள்ளே ஈரம் அறுபதைத் தாண்டினால் காற்றாடிகள் ஓடும், ஈரக் காற்றை வெளியே தள்ளும். இரண்டாம் நாளே அக்கா கேட்டார்.

"இந்தக் காத்தாடி ஈரத்த உள்ள இழுக்குல்லா?"

"இல்லக்கா, உள்ள இருக்குறத வெளிய தள்ளும்."

"தள்ளுனா அந்த எடத்துக்கு வேற காத்து வரணுமே. அது எங்கன இருந்து வருது?"

காற்றோட்டத்தைப் பற்றி அவருக்கு ஏதோ விளக்கினேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி, நீங்க சொல்லுதிய" என்று போய்விட்டார்.

பத்து நாள் கழித்துக் கணினிப் பதிவைத் திறந்தேன். காற்றாடிகள் பதினேழு முறை நின்றிருந்தன. மின்தடை என்று நினைத்தேன். அந்த நேரங்களில் மின்சாரம் இருந்திருக்கிறது. கருவியில் கோளாறு என்று நினைத்தேன்; இல்லை. கடைசியில் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தேன். அதைச் சுற்றிக் கரி படிந்த விரல் தடங்கள்.

நான் அக்காவிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அறிக்கை எழுதினேன். தேதி, நேரம், எவ்வளவு நேரம், காரணம் என்று நான்கு கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் பதினேழு முறையும் "பணியாளர் கையால் அணைத்தது" என்று நிரப்பி, என் நிறுவனத்துக்கும் முதலாளிக்கும் அனுப்பிவிட்டேன். அந்தப் பட்டியல் சுத்தமாக இருந்தது. அனுப்பும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் முதலாளி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"மிசின எதுக்கும்மா அணைக்க? ஒனக்கு இதோட ஒத்துப்போக முடியலன்னா சொல்லிரு. வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நோட்ட எடுத்துட்டு வரட்டுமா மொதலாளி?" என்று மட்டும் கேட்டார்.

நோட்டை என் கணினிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். நான் ஒவ்வொரு இடைவெளியாகப் பார்க்கத் தொடங்கினேன். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தபோது நான்கு உரசல். அணைத்து, கதவை அடைத்து, பல்பைப் போட்டு, கரி மூட்டைகளை வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு உரசல். அதற்குப் பிறகு ஒன்று. பதினேழு முறையும் அப்படித்தான். என் கருவிகளின் எண்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் இடைவெளிகளை எண்ணினேனே தவிர, இடைவெளிக்குள் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. வெளியே சாரல் அடிக்கும்போது காற்றாடியை ஓட்டினால் வருவது சாரல் காற்றுதான். அக்கா முதலில் கேட்ட கேள்வி அதுதான்.

"சார், தப்பு என்னோடது" என்றேன்.

"மிசின் தப்பா?"

"மிசின் சரி. நான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பு. வெளிக்காத்தையும் அளந்து, அது உள்ள இருக்குறதவிட உலர்ந்திருந்தா மட்டும்தான் ஓடணும். மாத்திடுறேன். அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

முதலாளி நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சீசன் முடியட்டும்" என்றார்.

வெளியே வந்து இரண்டு பேரும் நடந்தோம். பாலைவன வீட்டு வாசலில் எனக்கு ஒரு துண்டை நீட்டியபடி அக்கா கேட்டார்.

"தப்பு என்னோடதுன்னு சொல்லுததுக்கு ரொம்ப யோசிச்சியளோ?"

"இல்லக்கா. கண்ணு முன்னாடி இருந்துதே."

"எனக்குலாம் அவ்வளவு சீக்கிரம் வராது" என்றார். நான் தலையைத் துவட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு சீசன் நல்லபடியாகப் போனது. வெளியே ஒரு கருவி வைத்தேன். அக்கா கரி மூட்டைகளை வெயில் எட்டிப் பார்த்த அரை மணி நேரத்துக்கெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக் காயவைத்து மறுபடி உள்ளே சேர்த்தார். நான்கு செடிகள் மட்டும் அழுகின. ஆமைகளின் மூக்கில் சளிக் குமிழி வரவில்லை. குளிர் ஏறினால் முதலில் வருவது அதுதான் என்பதால், தினமும் காலையில் முதல் வேலையாக அவற்றின் முகத்துக்கு நேரே குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா இருக்காக" என்பார். அவை அவருக்கு மரியாதைப் பன்மை.

ஆவணிக் கடைசியில் முதலாளி முடிவு சொல்ல வந்தார். அன்று சாரல் கொஞ்சம் பலமாகவே இருந்தது. காரிலிருந்து இறங்கி வருவதற்குள் தலை நனைந்துவிட்டது. அக்கா அவரையும் வாசலில் நிறுத்தித் துண்டைக் கொடுத்தார். அவர் துவட்டி, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

நான் மூன்று மாத வரைபடங்களைக் காட்டினேன். அக்கா ஆமைகளின் மூலையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் முன்னால் ஒரு குச்சியை உரசினார். ஒரே உரசலில் பற்றியது. முதலாளி அது எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க ரெண்டு பேரையும் நான் குத்தம் சொல்லல" என்றார். "ஆனா போன வருசம் ஒண்ணு செத்துட்டுல்லா. டாக்டர் அறுத்துப் பாத்துட்டு நுரையீரல்ல தண்ணி இருக்குன்னு சொன்னாரு. இந்த ஊரு குளிர்ச்சி அதுகளுக்கு ஒத்துக்கிடல. இந்த வருசம் தப்பிச்சிட்டு. அடுத்த வருசம்? வாயில்லாத ஜீவன். தெரிஞ்சே வச்சுச் சாகடிச்ச பாவம் எனக்கு வேண்டாம்மா."

போன வருடத்து எண்கள் என்னிடம் கிடையாது.

"நான் சொன்னேம்லா, ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் வச்சிருக்க சிநேகிதர். அவரு லாட்ஜுல பெரிய தாமரைக் குளம் இருக்கு. அதுல கொண்டு விட்டாச்சுன்னா குளுகுளுன்னு நீந்திக்கிட்டுக் கெடக்கும்."

"மொதலாளி, அதுக நீந்தாது" என்றார் அக்கா.

"ஆமை நீந்தாதா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

அணைந்த குச்சி இன்னும் அவர் கையில் இருந்தது. அதை டம்ளரில் குத்த மறந்திருந்தார். நான் பார்த்து அவர் மறந்த ஒரே குச்சி அதுதான்.

"போன வருசம் செத்தது குளிர்ச்சியில இல்ல. நாந்தான் கொன்னேன்."

முதலாளி குச்சியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"சேந்து ஒரு மாசம்தான் ஆயிருக்கும். நாலு நாளா சாரல் விட்டு வெயிலு. இங்கன உள்ள நிக்க முடியல. மூணுல சின்னது அதுதான், தூக்குததுக்குத் தோதா இருக்கும். பாவம், காஞ்சுபோய்க் கெடக்கேன்னு இந்தத் தொட்டி நெறையத் தண்ணி ஊத்தி அதத் தூக்கி உள்ள விட்டேன். காலக் கால ஆட்டுச்சு. தண்ணியக் கண்ட சந்தோசத்துல ஆடுதுன்னு நெனச்சேன். நின்னு சிரிச்சேன் மொதலாளி. பொறவு சாப்பிடப் போயிட்டேன். வந்து பாத்தா அடியில கெடக்கு."

ஒரு ஆமை மணலைக் கீறிக்கொண்டிருந்தது.

"எடுத்துத் துவட்டுனேன். துண்டு முழுக்க நனைஞ்சிட்டு. துவட்டித் துவட்டி மணல்ல வச்சேன். நீங்க வரும்போது காஞ்சிருந்துச்சு. டாக்டர் நுரையீரல்ல தண்ணின்னதும் எல்லாரும் குளிர்ச்சின்னு சொன்னாங்க. நானும் வாயத் தெறக்கல."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வேலை போயிரும்னு பயந்தேன்."

"இப்ப போகாதா?"

"போகும். ஆனா இதுக ரெண்டும் இங்கன இருக்கலாம் மொதலாளி. ஊரு மேல பழி இல்ல. எம்மேலதான்."

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். கவிழ்ந்து கிடந்த தொட்டியையும் அதன் மேலிருந்த துண்டுகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆமைகளின் தடுப்புக்குப் போய்க் குனிந்து நின்றார். திரும்பி வந்தபோது கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடிக்க முயன்றார். சரியாக வரவில்லை. அக்கா வாங்கி மடித்தார்.

"லாட்ஜ்காரர்ட்ட நான் இல்லன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார். "அருவியப் பொறவு பாத்துக்கிடலாம். நீ நாளைக்கு நேரத்துக்கு வந்துரு." கதவைத் திறந்தவர் ஒரு நிமிடம் நின்றார். "அந்தத் தொட்டி அப்படியே கெடக்கட்டும்."

அவர் கார் கிளம்பிப் போனது. அக்கா கையிலிருந்த குச்சியை டம்ளரில் குத்தினார். நோட்டை எடுத்து, ஆமை மூலை, ஒரே உரசல் என்று எழுதினார். நோட்டை மூடி வைத்துவிட்டு, என்னைத் தாண்டி, குடை எடுக்காமல் வெளியே போனார்.

மூன்று மாதத்தில் அவர் சாரலில் நனைந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து வரும்போதுகூடத் தலையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டுதான் வருவார். அன்று வாசலிலிருந்து பத்தடி தள்ளிப் போய், திறந்த வெளியில், எனக்கு முதுகு காட்டி நின்றார். முகம் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. தோள்கள் குலுங்கின. எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. சேலை முழுக்க நனைந்து, பின்னலின் நுனியிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

பிறகு அவரே திரும்பி வந்தார். வாசல் மிதியடியில் நின்றார். அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இன்னொன்றை எடுத்துத் தலையைத் துவட்டினார். பின்னலை அவிழ்த்து, நசுக்கி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்த்தார். மூன்றாவதை எடுத்துச் சேலையை ஒற்றி ஒற்றி எடுத்தார். கை இரண்டையும் விரல் விரலாகத் துடைத்தார். எல்லாம் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எவ்வளவு நேரமாக் கதவத் தெறந்து வச்சிருக்கிய?" என்றார். "சாத்துங்க."